பழைய வைஸ்களும் 417-ஆம் எண்ணும்

பிரெஞ்சில் ‘வீஸ்’ என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு உண்டு. ‘லா வீஸ்’ என்று பெண்பாலில் சொன்னால் திருகாணி. ‘லெ வீஸ்’ என்று ஆண்பாலில் சொன்னால் கெட்ட நடத்தை. எழுத்து வேறு, ஒலி ஒன்று. எங்கள் காலத்துப் பள்ளியில் ‘திக்தே’, அதாவது சொல்வதெழுதுதல் நடத்தும் ஆசிரியர்கள், பையன்களின் காதைச் சோதிப்பதற்கென்றே இப்படிப்பட்ட சொற்களைப் பொறுக்கி வைத்திருப்பார்கள். முன்னால் வரும் ‘லா’வையும் ‘லெ’யையும் கவனித்தவன் தப்பித்தான்.

இதில் திருகாணியைக் குறிக்கும் சொல்லைத்தான் ஆங்கிலேயர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எடுத்துக்கொண்டு போய், பட்டறை மேசையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற கருவிக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். மூலம் லத்தீனில் திராட்சைக் கொடியின் பெயர். கொடியின் சுருள் பற்றிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தவர்களுக்குத் திருகாணியின் மரை அப்படித் தோன்றியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களோ அந்தக் கருவியை வீஸ் என்று சொல்வதில்லை, ‘எத்தோ’ என்பார்கள். அது அடிமரத்தைக் குறித்த ஒரு பழைய சொல்லிலிருந்து திரிந்தது என்று அகராதி சொல்கிறது. அகராதித் தமிழில் இதற்கு என்னென்ன பெயர் இருந்தாலும் சரி, நம் ஊர்ப் பட்டறைகளில் அது வைஸ்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டு காகிதம் புரட்டியவனுக்கும் வைஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. மாடிப்படிக்குக் கீழே இப்போது நான்கு கிடக்கின்றன. மேல்நாடுகளில் இதைப் பெரிய அளவில் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். தபால்தலைக்காரர்கள் மாதிரியே அவர்களுக்குள்ளும் கட்சிகள், சண்டைகள், விலைப் பேரங்கள் எல்லாம் உண்டு. என் நான்கைக் காட்டினால் அவர்கள் சிரிப்பார்கள். எனக்கு ஆர்வம் இரும்பைவிட அதன்மேல் பொறித்திருக்கும் எழுத்தில்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாம் சிறுவயதில் கொல்லன் பட்டறையில் பார்த்த வைஸுக்கு ஒரு நீண்ட கால் உண்டு. அந்தக் கால் தரை வரைக்கும் இறங்கி, தரையில் புதைத்த கட்டையிலோ கல்லிலோ ஊன்றி நிற்கும். ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் இதுதான் வைஸ். கொல்லர்களும் பூட்டு செய்பவர்களும் இதில்தான் வேலை பார்த்தார்கள். உலையில் காய்ச்சி அடித்த தேனிரும்பால் ஆனது. முன் தாடை கீழே ஓர் அச்சில் ஆடும். இரண்டு தாடைக்கும் நடுவே ஒரு பட்டை ஸ்பிரிங். திருகைத் தளர்த்தினால் அந்த ஸ்பிரிங்தான் முன் தாடையைத் தள்ளித் திறக்கும். சம்மட்டியால் மேலே அடித்தாலும் அடி காலின் வழியே தரைக்குப் போய்விடும், வைஸ் தாங்கும். இதற்கு ஒரு குறை உண்டு. தாடை அச்சில் ஆடுவதால் வாய் ஏதோ ஓர் அகலத்தில் மட்டும்தான் நேருக்கு நேர் பொருந்தும். அதைவிட அகலமான பொருளை வைத்தால் கீழ் விளிம்பில் மட்டும் கவ்வும், மேலே இடைவெளி விட்டுவிடும்.

இந்தக் கால் வைஸில் எனக்கு மிகவும் பிடித்தது, கண்ணில் படாத ஓர் இடம். திருகு உள்ளே போகிற குழாய்க்குள் மரை வேண்டுமே, கடைசல் இயந்திரம் இல்லாத காலத்தில் அதை எப்படி வெட்டினார்கள்? வெட்டவே இல்லை. திருகின் பள்ளத்தில் ஒரு சன்னமான சதுரக் கம்பியைச் சுற்றி, அந்தச் சுருளைக் குழாய்க்குள் செருகி, பித்தளையை உருக்கி உள்ளே பற்றவைத்துவிடுவார்கள். திருகைக் கழற்றினால் சுருள் உள்ளேயே நிற்கும். அதுதான் மரை. இதனால் ஒரு வைஸின் திருகு இன்னொரு வைஸுக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றும் தன் ஜோடியோடு பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் டட்லி நகரத்து பீட்டர் ரைட், குழாயை முழு இரும்பிலேயே செய்து மரை வெட்டி விற்றார். பழைய கால் வைஸ் கிடைத்தால் முதலில் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பித்தளையின் மஞ்சள் தெரிந்தால் கையால் பற்றவைத்த பழைய முறை என்று அறியலாம்.

இனி நான் சொல்ல வந்த கதை. பழைய வைஸைப் புதுப்பிப்பதை ஏதோ இந்தக் காலத்துப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

1789-ஆம் ஆண்டு. பாரீசில் பஸ்தீய் சிறையை இடித்த அதே ஆண்டு. லண்டனில் ஜோசப் பிராமா என்பவர் ஒரு புதுவகைப் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். பூட்டு நல்ல பூட்டு, ஆனால் அதைத் துல்லியமாகச் செய்யத் தெரிந்த ஆள்தான் கிடைக்கவில்லை. உல்விச் ராணுவத் தொழிற்சாலையில் ஹென்றி மாட்ஸ்லே என்று ஒரு கெட்டிக்காரன் இருக்கிறான் என்று யாரோ சொல்ல, கூப்பிட்டு அனுப்பினார். வந்து நின்றவனுக்கு வயது 18. பன்னிரண்டு வயதில் தோட்டாக்களுக்கு மருந்து நிரப்புகிற வேலையில் சேர்ந்து, தச்சுப் பிரிவுக்குப் போய், அது பிடிக்காமல் கொல்லுலைக்கு ஓடி வந்தவன். ஆனால் முறைப்படி ஏழாண்டுப் பயிற்சி முடித்தவன் இல்லை. பிராமாவின் பட்டறையிலோ நரைத்த தொழிலாளிகள். இந்தப் பொடியனைச் சேர்த்தால் அவர்கள் என்ன சொல்வார்களோ என்று பிராமா தயங்கினார்.

அப்போது மாட்ஸ்லேயின் கண்ணில் அங்கே ஒரு மேசையில் கிடந்த தேய்ந்துபோன பழைய வைஸ் பட்டது. மாலை ஆறு மணிக்கு வேலை முடிவதற்குள் இதைப் புதிதுபோல் ஆக்கித் தந்தால் ஒப்புக்கொள்வீர்களா என்று கேட்டான். சரி என்றார்கள். கோட்டைக் கழற்றி வைத்தான், கைச்சட்டையை மடித்துவிட்டான், உலைக்குப் போனான். வைஸின் தாடைகளுக்குப் புது எஃகு வைத்துப் பற்றவைத்தான். அரத்தால் மட்டம் செய்தான். பற்களை மறுபடி வெட்டினான். சூடேற்றித் தோய்த்து உரமேற்றினான். ஆறு மணிக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. மீந்த நேரத்தில் வைஸின் உடம்பையும் துடைத்து ஒழுங்கு செய்தான் என்கிறார்கள். பட்டறையின் மூத்த ஆள் பார்த்துத் தலையசைத்தார். வேலை கிடைத்தது.

மாட்ஸ்லேயிடம் பின்னாளில் வேலை பார்த்த ஜேம்ஸ் நாஸ்மித் வழியாகவும், சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய தொழில் மேதைகளின் வரலாறுகள் வழியாகவும் நமக்கு வந்து சேர்ந்த கதை இது. சொல்லச் சொல்லக் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் வேலையின் வரிசையைக் கவனியுங்கள்: எஃகு வைத்தல், மட்டம் செய்தல், பல் வெட்டுதல், உரமேற்றுதல், கடைசியில் துடைத்தல். இன்றைக்கு யாராவது வைஸைச் சரிசெய்தாலும் இதே வரிசைதான்.

பிராமாவிடம் அவன் எட்டு ஆண்டு இருந்தான். அவன் உழைப்பில் உருவான பூட்டைக் கடை ஜன்னலில் வைத்து, இதைத் திறப்பவனுக்கு 200 கினி பரிசு என்று எழுதிப் போட்டார்கள். 1851-இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் பல நாள் போராடித் திறக்கும்வரை அந்தப் பணம் யாருக்கும் போகவில்லை. ஆனால் மாட்ஸ்லேயின் வாரச் சம்பளம் 30 ஷில்லிங்கிலேயே நின்றது. 1797-இல் உயர்வு கேட்டார், மறுத்தார்கள், விலகிவிட்டார். (ஊதியக் குழு அறிக்கைக்காகக் காத்திருந்தே தலை நரைத்த நம் சங்கத்து நண்பர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடலாம்.) தனியாகப் பட்டறை போட்ட பிறகுதான் அவருடைய பெரிய வேலைகள் நடந்தன. ஒரே மாதிரியான மரையை எத்தனை தடவை வேண்டுமானாலும் வெட்டித் தரும் கடைசல் இயந்திரத்தை 1800-ஐ ஒட்டி அவர் செம்மைப்படுத்தினார். ஒரு வைஸின் திருகு இன்னொன்றுக்குப் பொருந்தாது என்றேனே, அந்தக் காலம் முடியத் தொடங்கியது இந்த மனிதரின் பட்டறையில்தான். அங்கே வேலை பழகிய ஜோசப் விட்வொர்த், 1841-இல் இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே மரை அளவு வேண்டும் என்று திட்டம் கொடுத்தார். விட்வொர்த் மரை என்று நம் மெக்கானிக்குகள் இன்றும் சொல்வது அவர் பெயரைத்தான்.

அதன் பிறகு வந்தது வார்ப்பிரும்பு வைஸ். நாம் ஐ.டி.ஐ.யிலும் சைக்கிள் கடையிலும் பார்க்கிறோமே, மேசைமேல் போல்ட் போட்டு இறுக்கியது, அந்த வகை. முன் தாடை அச்சில் ஆடாமல் நேராக முன்னும் பின்னும் நகரும். அதனால் எந்த அகலத்திலும் வாய் இணையாகப் பொருந்தும். அச்சு எடுத்து வார்த்துவிடலாம் என்பதால் விலையும் குறைந்தது. ஒரு பலவீனம், வார்ப்பிரும்பு அடி தாங்காது. பின்னால் சிறு பட்டடை மாதிரி ஒரு மேடை வைத்திருப்பார்கள். அதை நம்பிச் சம்மட்டியைத் தூக்கியவர்களால் விரிசல் விட்ட வைஸ்கள் உலகம் முழுக்கக் கிடக்கின்றன. ஜெர்மனியில் ஹொய்யர் என்ற நிறுவனம் 1920-களில் எஃகை அடித்தே வைஸ் செய்யத் தொடங்கியது இந்தக் குறையைப் போக்கத்தான்.

பெயர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். யார்க்‌ஷயரில் ஷிப்லி ஊர்க்காரரான பார்க்கின்சன் 1880-களில் ஒரு நெம்புகோலை வைத்தார். அதை அழுத்தினால் நட்டின் பாதி கீழே இறங்கிவிடும், திருகைச் சுற்றாமலே தாடையைச் சட்டென்று இழுத்துவிடலாம். ஷெஃபீல்டில் 1898-இல் தொடங்கிய ஹாம்ப்டன் சகோதரர்களின் ‘ரெக்கார்டு’ பெயர் நம் நாட்டுப் பட்டறைகளிலும் பழக்கமானது. அமெரிக்காவில் பார்க்கர், பிரென்டிஸ், ரீட். பிறகு செக் நாட்டிலிருந்து குடியேறிய ஹியூ வோகல் என்பவர் 1941-இல் சிகாகோவில் ‘வில்டன்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களுடைய வைஸ் துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் இருக்கும், திருகு முழுக்க உறைக்குள் அடங்கிவிடுவதால் தூசு புகாது. பிரான்சில் பெழோ. ஆமாம், கார் செய்கிற அதே பெழோதான். காருக்கு வெகுகாலம் முன்பே அந்தக் குடும்பம் ரம்பமும் காப்பி அரைக்கும் இயந்திரமும் செய்து பிழைத்தது. இன்று காரின் மூக்கில் நிற்கிற சிங்கத்தை அவர்கள் பதிவு செய்தது 1858-இல், அப்போது அது ரம்பங்களுக்கான முத்திரை. ‘பெழோ ஃப்ரேர்’ என்று வார்ப்பில் எழுதிய வைஸ்களைப் பிரெஞ்சுச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி அலைகிறார்கள்.

இப்போது முன்பு சொன்ன எழுத்துக்கு வருகிறேன். ஒரு வைஸின் வயதைக் கண்டுபிடிப்பது கோப்பு படிப்பது மாதிரி. முத்திரையைப் பார், எண்ணைப் பார், எந்தச் சட்டம் வந்த பிறகு இந்த வாசகம் வந்திருக்க முடியும் என்று யோசி. பிரிட்டன் 1887-இல் வணிக முத்திரைச் சட்டம் கொண்டுவந்தது. ஜெர்மன் சரக்கு ஆங்கிலப் பெயரில் விற்கப்படுவதைத் தடுப்பது அதன் நோக்கம். 1890-இல் அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டமும் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. ஆகவே வைஸில் எந்த நாட்டில் செய்தது என்று இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. பிரிட்டிஷ் காப்புரிமை எண் இன்னும் சுவையானது. 1916-க்கு முன் ஒவ்வோர் ஆண்டும் எண் மறுபடி 1-லிருந்து தொடங்கும், நம் அலுவலகத் தபால் பதிவேட்டில் ஜனவரி பிறந்தால் செய்வதுபோல. அதனால் எண்ணோடு ஆண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் எந்தக் காப்புரிமை என்று தெரியும். 1916-இல் இதை நிறுத்தி, 100001-லிருந்து ஒரே வரிசையாகத் தொடர்ந்தார்கள். ஆறு இலக்க எண்ணைக் கண்டால் அந்தக் காப்புரிமை 1916-லோ அதற்குப் பிறகோ வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

வில்டன்காரர்கள் வேறு மாதிரி. அவர்களுடைய பழைய வைஸ்களில், நகரும் தாடையின் அடிப்பக்கத்தில் ஒரு மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். அது செய்த தேதி இல்லை, ஐந்து வருட உத்தரவாதம் முடிகிற தேதி. அதிலிருந்து ஐந்தைக் கழிக்க வேண்டும். ஒருவருடைய ஓய்வுத் தேதியிலிருந்து பிறந்த வருடத்தைக் கணக்குப் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தயாரிப்பாளர் குத்திய எழுத்துகள் இவை. வைஸை வைத்திருந்தவர்கள் குத்தியவை வேறு. பிரிட்டிஷ் ராணுவச் சொத்து என்றால் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும். ரயில்வே என்றால் கம்பெனியின் முதலெழுத்துகள். என் நான்கில் ஒரு கால் வைஸில் எஸ், ஐ, ஆர் என்று மூன்று ஆங்கில எழுத்துகள் உளியால் வெட்டியிருக்கின்றன. தென்னிந்திய ரயில்வே என்றுதான் கொள்ள வேண்டும். 1879-இல் விழுப்புரத்திலிருந்து நம் ஊருக்கு வந்த ரயிலை ஓட்டியது அந்தக் கம்பெனிதான். அவர்களுடைய பட்டறை நாகப்பட்டினத்தில் இருந்து, 1928-இல் திருச்சி பொன்மலைக்குப் போனது. இந்த வைஸ் அங்கே இருந்ததா, இங்கே ஸ்டேஷன் ஷெட்டில் இருந்ததா, அது வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

நான்காவது வைஸுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நம் ஊரில் மூடிப்போன ஒரு மில்லின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்தில் போனபோது, எடுத்தவர் அதை ஒரு காயலான் கடையில் இறக்கியிருந்தார். பழைய இரும்பு கிலோ கணக்கில் எடை போட்டு, மறுநாள் லாரியில் உருக்காலைக்குப் போகக் காத்திருந்தது. அந்தக் குவியலுக்குள் இங்கிலீஷ் வார்ப்பிரும்பு வைஸ் ஒன்று, தூக்க இரண்டு ஆள் வேண்டும். கைப்பிடி வளைந்திருந்தது, யாரோ குழாய் செருகி இறுக்கியிருக்கிறார்கள். ஒரு தாடைத் தகடே இல்லை, இன்னொன்றின் பல் வழுவழுத்துப் போயிருந்தது. எடைக்கு எடை காசு கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி வந்தேன். துருவைத் துடைத்தபோது பின்பக்க மேடையில் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒரு எண் தெரிந்தது. நடுக்குத்தியால் ஒவ்வொரு புள்ளியாக அடித்து எழுதியது. 417. பக்கத்தில் தமிழில் ஒரு ‘மு’.

மில் ஊரில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, அது டோக்கன் எண். பித்தளை வில்லையில் எண்ணைப் பொறித்துக் கொடுப்பார்கள். வாயிலில் அதைக் காட்டி உள்ளே போக வேண்டும். சம்பளப் புத்தகத்தில் பெயருக்கு முன்னால் வருவது அந்த எண்தான். ஒரே மேசையில் நான்கு வைஸ் இருந்தால், தன்னுடையது எது என்பதற்காக ஃபிட்டர்கள் இப்படிக் குத்தி வைப்பது உண்டு. வைஸ் மில்லுடையது, ஆனால் வாய் தேயாமல், அடி விழாமல் பார்த்துக்கொண்டவன் தன்னுடையதாகத்தானே நினைப்பான்.

பழைய மில் தொழிலாளிகள் சிலரிடம் விசாரித்தேன். ஒருவர், 417 என்றால் முதலியார்பேட்டையிலிருந்து வந்த ஒரு ஃபிட்டர், பேர் முருகேசனோ முனுசாமியோ என்றார். இன்னொருவர், அந்த எண் தன் காலத்தில் நூற்புப் பிரிவில் ஒரு அம்மாளுக்கு இருந்தது என்றார். இருவர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம், ஓய்வு பெற்றவரின் எண்ணை அடுத்துச் சேர்ந்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். சம்பளப் பதிவேட்டைப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் அலுவலகக் காகிதம் என்ன கதியாகும் என்று எனக்குத் தெரியாதா? வைத்திருக்க வேண்டிய ஆண்டுகள் முடிந்ததும் எரிப்பார்கள், அல்லது கறையான் பார்த்துக்கொள்ளும்.

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு லேத் பட்டறைக்காரர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், கை சுத்தம். அவரிடம் கொண்டுபோனேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“ஐயா, நல்ல சாமான். எல்லாத்தையும் கிரைண்டர்ல ஒரு இழு இழுத்து, பட்டி பார்த்து, பச்சை பெயின்ட் அடிச்சுட்டா புதுசாயிடும்.”

“அந்த எண்ணைத் தொடக் கூடாது தம்பி.”

“இது என்ன கல்வெட்டா? வைஸ்னா பிடிக்கணும். படிக்கிறதுக்கா வாங்கினீங்க?”

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. மாட்ஸ்லேயும் தன் பரீட்சை வைஸைத் துடைத்துப் பளிச்சென்றுதானே கொடுத்தான். மேல்நாட்டுச் சேகரிப்பாளர்களுக்குள் நடக்கும் பெரிய சண்டையும் இதுதான். ஒரு கட்சி கண்ணாடிபோல் தேய்த்து முகம் பார்க்கிறது. மற்றொரு கட்சி துருவை மட்டும் எடுத்து எண்ணெய் தடவி விட்டுவிடுகிறது. நான் இரண்டாவது கட்சி. வார்ப்பின் சொரசொரப்பையும் குத்திய எண்ணையும் தேய்த்து எடுத்துவிட்டால், அதைப் பிறகு எந்த லேத்திலும் திரும்பச் செய்ய முடியாது. தாடைத் தகடு அப்படி இல்லை. அதைச் செய்தவனே, இது தேயும், மாற்றிக்கொள் என்று இரண்டு திருகு போட்டுத் தனியாக வைத்திருக்கிறான். மாற்றுவதற்கென்று வைத்ததை மாற்றலாம், மற்றதைத் தொடக் கூடாது என்பது என் கட்சி. பட்டறைக்காரர் கடைசியில், “உங்க காசு, உங்க வைஸ்” என்று ஒப்புக்கொண்டார்.

துரு எடுக்க நான் வீட்டிலேயே மின்சார முறையைச் செய்தேன். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், வாளிக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி சலவைச் சோடா. பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனை வைஸுக்கு, பாசிட்டிவ் முனை ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கு. மாற்றிப் போட்டால் வைஸ் கரையும், தகடு பளபளக்கும். பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் போடவே கூடாது, அதிலிருந்து இறங்கும் குரோமியம் விஷம். கிளம்பும் வாயு தீப்பிடிக்கக்கூடியது என்பதால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். ஓரிரு நாளில் துரு கருப்புச் சேறாகக் கழன்றுவிடும், நல்ல இரும்பு குறையாது. பொறுமை உள்ளவர்கள் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகைத் தண்ணீரில் கரைத்து வாரக்கணக்கில் ஊறப்போடலாம். வேலை நன்றாக நடக்கும், நாற்றத்துக்கு அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள்.

தாடைத் தகடுகளை லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து வெட்டினார் பட்டறைக்காரர். காய்ச்சி, மெதுவாக ஆறவிட்டு மிருதுவாக்கி, துளை போட்டு, அரத்தால் குறுக்கும் நெடுக்கும் பல் வெட்டி, மறுபடி காய்ச்சி எண்ணெயில் தோய்த்து உரமேற்றினார். இருநூற்று முப்பது வருடத்துக்கு முந்தைய அந்த லண்டன் மாலையை அவருக்குச் சொன்னேன். “அப்ப அந்தப் பையனுக்கு வெல்டிங் மிஷின் கூட இல்லையே” என்று மட்டும் சொன்னார்.

திருகு போடுகிற இடத்தில் ஒரு சிக்கல் வந்தது. கடையில் கிடைக்கிற 10 மில்லிமீட்டர் திருகு இரண்டு சுற்றில் இறுகி நின்றுவிட்டது. வைஸில் இருப்பது விட்வொர்த், எட்டில் மூன்று அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. அதாவது மரைக்கு மரை 1.5875 மில்லிமீட்டர். மெட்ரிக்கில் 1.5. மரையின் கோணமும் அங்கே 55 டிகிரி, இங்கே 60. பலவந்தமாகச் சுற்றினால் உள்ளே இருக்கிற பழைய மரை போய்விடும். நம் ஊர்ப் பட்டறைகளில் இது பழைய தலைவலி. பிரான்சிலிருந்து வந்த சாமானில் மில்லிமீட்டர், லங்காஷயரிலிருந்து வந்த மில் சாமானில் அங்குலம். அந்தக் காலத்து ஃபிட்டர்கள் இரண்டு டாப் பெட்டி வைத்திருப்பார்கள். இவருடைய அப்பா விட்டுப்போன பெட்டியில் விட்வொர்த் டாப்பும் டையும் எண்ணெய்த் துணியில் சுற்றியபடி அப்படியே இருந்தன. அரை மணியில் இரண்டு ஜோடித் திருகு தயார்.

வாய் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க, தாடையின் இரண்டு ஓரத்திலும் ஒரு துண்டுக் காகிதம் வைத்து இலேசாக மூடி இழுத்துப் பார்ப்பார்கள். இரண்டும் வரக் கூடாது. முதலில் இடப்பக்கத்துக் காகிதம் வழுக்கியது. தகட்டுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பழைய துருவைச் சுரண்டியதும் இரண்டும் நின்றன. உடலுக்கு மங்கலான சாம்பல் நிறம் ஒரே ஒரு பூச்சு, திருகுக்கு கிரீஸ். பின்மேடைக்கு பெயின்ட் கிடையாது, எண்ணெய் மட்டும்.

இவ்வளவு கனமான வைஸை மாடிப்படிக்குக் கீழே போட்டு வைப்பதில் அர்த்தமில்லை என்பதால் அது இப்போது அவருடைய பட்டறையிலேயே, ஜன்னலோர மேசையில் இருக்கிறது. அங்கே வேலை பழகும் பையன்கள் அதை ‘நானூத்திப் பதினேழு’ என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இதைப் படிப்பவர்களில் மில் பட்டறையில் வேலை பார்த்தவர்களோ, அவர்கள் வீட்டாரோ இருந்தால் ஓர் உதவி. 1950-லிருந்து 1980 வரைக்கும் ஏதாவது ஓர் ஆண்டில் 417-ஆம் டோக்கன் வைத்திருந்தவர், பெயர் ‘மு’வில் தொடங்குபவர் அல்லது தகப்பனார் பெயர் ‘மு’வில் தொடங்குபவர் யார் என்று நினைவிருக்கிறதா? நடுக்குத்தியால் எழுதும்போது 7-க்கு நடுவில் பிரெஞ்சுப் பாணியில் ஒரு குறுக்குக் கோடு போட்டிருக்கிறார். அப்படி எழுதும் பழக்கம் அவருக்கு எங்கேயோ பள்ளியில் வந்திருக்க வேண்டும். பழைய சம்பளச் சீட்டு, போனஸ் சீட்டு, பித்தளை வில்லை எது இருந்தாலும் எடுத்துப் பாருங்கள்.